அக்கா சுவிட்ச்

என் அக்கா வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. உறவுக்காரர்கள் கேட்டால், ஊரின் மறுகோடியில் ஹெப்பாள் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் போய்வரக் கஷ்டம், அதனால் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்று சொல்கிறோம். கொள்ளேகாலிலிருந்து போன் செய்த சித்தப்பா, "அட, நல்லதுதானப்பா, அவளுக்கும் பொழுது போகோணுமல்ல" என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அவள் போனதற்குக் காரணம் சமையலறையில் இருந்த ஒரு சுவிட்ச். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வருவதில்லை, ஏனென்றால் அந்தச் சுவிட்சைப் பிடுங்கியவன் நான். அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வர முடியுமா என்பது ஒன்றுதான் இந்த ஐந்து மாதமாக என் மண்டையைக் குடைகிறது.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் கன்னடத்தில் படித்தாள். எழுதுவது கன்னடம். வீட்டில் எங்கள் உதட்டைப் பார்த்துப் படிப்பது தமிழ். கையால் பேசுவதில் பாதி பள்ளியில் கற்றது, மீதிப் பாதி அவளும் நானும் சின்ன வயதில் எங்களுக்குள் செய்துகொண்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; வந்த வரன்களைப் பார்த்தால் அது நல்ல முடிவு என்றே தோன்றும். வீட்டின் பின்னறையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். எங்கள் வட்டாரத்தில் அவளிடம் அளவு கொடுத்த பெண்கள் வேறு தையற்காரியிடம் போக மாட்டார்கள். பேச்சுக் கொடுக்க முடியாது என்பதால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று ஒருத்தி என் மனைவியிடம் சொன்னாளாம்.

அப்பா ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். வீடு கட்டும்போது வயர்மேனிடம் ஒரு காரியம் சொன்னார். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் போட்டு எந்தப் பக்கத்திலிருந்தும் ஏற்றி அணைக்கிற மாதிரி செய்வார்களே, டூ-வே, அதை அக்காவின் அறைக்குப் போடச் சொன்னார். ஒன்று அவள் அறைக்குள். இன்னொன்று சமையலறையில், மிக்ஸி பிளக்குக்குப் பக்கத்தில். படியே இல்லாத இடத்தில் டூ-வே எதற்கு என்று வயர்மேன் கேட்டிருக்கிறார். "எம் பொண்ணக் கூப்புட" என்று அப்பா சொன்னாராம். அன்றிலிருந்து அதற்கு அக்கா சுவிட்ச் என்று பெயர்.

இரண்டு தரம் விளக்கு மினுக்கினால் சாப்பிட வா. மூன்று தரம் என்றால் வாசலில் ஆள் வந்திருக்கிறது. நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தால் போட்டதைப் போட்டபடி ஓடி வா. அக்கா தன் பக்கத்துச் சுவிட்சை ஒரு தரம் தட்டிப் பதில் சொல்வாள். அவள் அறைக் கதவுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டரில் வெளிச்சம் போய் வருவது சமையலறையிலிருந்து தெரியும். அதற்கு "வரேன்" என்று அர்த்தம். இரண்டு தரம் தட்டினால் "இரு, வேலையா இருக்கேன்". அம்மாவுக்கு அது பிடிக்காது. உடனே நாலு தரம் தட்டுவாள். அக்கா ஐந்து தரம் தட்டுவாள். இப்படி அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். தெருவில் போகிறவர்களுக்கு எங்கள் பின்னறை ஜன்னல் திருவிழாப் பந்தல் போலத் தெரிந்திருக்கும்.

ஊரெல்லாம் டியூப்லைட் மாட்டிய காலத்திலும் அந்த அறையில் மட்டும் குண்டு பல்புதான் எரிந்தது. டியூப்லைட் தட்டினால் உடனே எரியாது, யோசித்துத்தான் எரியும். அதில் எப்படிக் கூப்பிடுவது? பிறகு எல்.ஈ.டி. வந்தபோது அம்மா கடையில் நின்று, அங்கிருந்த சுவிட்சைப் பத்துத் தரம் தட்டிப் பார்த்து, சொன்னவுடன் கேட்கிறதா என்று சோதித்த பிறகுதான் வாங்கினாள்.

நானும் அந்த அறையில் படுத்து வளர்ந்தவன். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று உட்கார்ந்து தூங்கி வழிவேன். அக்கா விளக்கைத் தட்டி எழுப்புவாள். கரண்ட் போனால் இரண்டு பேரும் வாசலில் நின்று லைன்மேனுக்காகக் காத்திருப்போம். அவர் மஞ்சள் தொப்பி போட்டு, நீளக் கம்பால் கம்பத்தில் எதையோ தட்டிவிட்டுப் போவார். அவருக்கு நாங்கள் ஒரு சைகை வைத்திருந்தோம்: தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு முஷ்டியை மேலே தூக்கி ஒரு குத்து. வானத்தை எவனோ குத்துகிற மாதிரி இருக்கும். அக்கா அதைச் செய்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இனி நான் சொன்ன பொய்.

போன தசராவுக்கு முந்தின தசராவில் என் ஆபீசிலிருந்து நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அதில் ஒருவர் எனக்கு மேலதிகாரி. ஊர் முழுக்கச் சீரியல் லைட், அதைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று வந்தார்கள். எனக்கு அப்போது பதவி உயர்வு வருகிற மாதிரியும் வராத மாதிரியும் இருந்த நேரம். வீட்டைக் கழுவித் துடைத்து, புதிதாய் வாங்கிய சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, ஒரு தினுசாக உட்கார்ந்திருந்தேன். பாயசம் எடுத்துப் போக ஆள் வேண்டும் என்று அம்மா சமையலறையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டாள். வெண்டிலேட்டரில் விளக்கு இரண்டு தரம் போய் வந்தது. அக்கா பதில் தட்டினாள். அம்மாவுக்கு அவசரம் போலிருக்கிறது, மறுபடி தட்டினாள்.

மேலதிகாரி நிமிர்ந்து பார்த்து, கன்னடத்தில், "என்னங்க, வோல்டேஜ் ப்ராப்ளமா?" என்றார்.

அம்மா அக்காவைக் கூப்பிடுகிறாள் சார், அக்காவுக்குக் காது கேட்காது. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர் கெட்ட மனிதரும் அல்ல. ஆனால் என் வாயில் வந்தது, "ஆமா சார், இந்த ஏரியாவே இப்படித்தான். லைன்மேன்கிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

அந்த நேரம் பார்த்து அக்கா அறைக் கதவைத் திறந்துகொண்டு எனக்கு நேர் எதிரே நின்றாள். அவள் எதிரில் இருந்தால் என் கை தானாகப் பேசும். நாற்பது வருஷப் பழக்கம். லைன்மேன் என்று வாய் சொல்லும்போதே கை தலையைத் தட்டி மேலே குத்திவிட்டது. மேலதிகாரி அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அக்கா ஒரு கணம் வெண்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாயசம் எடுத்து வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். முந்திரி நிறையப் போட்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் ஸ்மார்ட் பல்பு வாங்கினேன். மின்சாரம் மிச்சம், வேண்டிய நிறத்தில் வெளிச்சம், போனிலேயே அணைக்கலாம் என்று மனைவியிடம் பெரிய பிரசங்கம் செய்தேன். அவள், "ஏங்க, இருக்கறது எரியுதல்ல, சும்னே எதுக்கு?" என்றாள். இனி நம் வீட்டு விளக்குகள் யார் வந்தாலும் அமைதியாக எரியட்டும் என்பதுதான் என் உள்நோக்கம் என்று அப்போது எனக்கே நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது எழுதுவதால் எழுதுகிறேன்.

எல்லா அறைக்கும் மாட்டினேன். போனில் ஒவ்வொரு அறைக்கும் பெயர் கொடுக்கச் சொன்னது. பெட்ரூம், கிச்சன், ஹால் என்று தயாராக ஒரு பட்டியல். அதில் அக்கா ரூம் என்று ஒன்று இல்லை. டைப் செய்யச் சோம்பல்பட்டு, அவள் அறைக்கு கெஸ்ட் ரூம் என்று போட்டேன்.

முதல் நாள் அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நான் ஹாலில் உட்கார்ந்து அவள் அறையை நீலமாக்கினேன், பச்சையாக்கினேன். கைதட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். மயில் பச்சைத் துணிக்கு எந்த நூல் பொருந்தும் என்று வெள்ளை வெளிச்சத்திலும் மஞ்சள் வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தம்பிக்குக் கொழுப்பு இல்லை, மூளைதான் என்று அம்மாவிடம் கைகாட்டினாள். தசரா ராத்திரியை அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரவிக்கை வாங்க ஒரு பெண் வந்தாள். அம்மா மூன்று தரம் தட்டினாள்.

இந்த வகை பல்புகளுக்கு ஒரு குணம் உண்டு. சுவிட்சை அடுத்தடுத்து மூன்று நாலு தரம் அணைத்து ஏற்றினால், தன்னைப் புதிதாக யாரோ மாட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, பழைய எஜமானனை மறந்து, புது எஜமானனைத் தேடிக் கண்டபடி மினுக்க ஆரம்பித்துவிடும். அதன் பெட்டிக்குள் இருந்த தாளில் இது எழுதியிருந்தது. நான் படித்தும் இருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தரம் தட்டுவதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்பது மட்டும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

பல்பு நிறுத்தாமல் மினுக்கியது. நிறுத்தாமல் மினுக்கினால் போட்டதைப் போட்டபடி ஓடி வா. அக்கா கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். அம்மா விழுந்துவிட்டாளோ என்று அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அம்மா அடுப்பில் கீரையைக் கிளறிக்கொண்டு நிதானமாக நின்றாள். "ஏண்டி இப்படி ஓடியாறே?" என்றாள்.

அன்றைக்குச் சிரித்தோம். அடுத்த நாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு தரமும் நான் ஆபீசிலிருந்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, போனைக் காட்டி, அந்தப் பல்புக்கு நான்தான் அதன் சொந்தக்காரன் என்று நிரூபிக்க வேண்டும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துதே குடையுதே என்றவன் கதைதான். ஓணானை வெளியே விட்டிருக்கலாம். பழைய பல்பு அலமாரியிலேயே இருந்தது. நான் அம்மாவைத் திட்டினேன்.

"இனிமே யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது" என்று சொல்லி, அக்கா சுவிட்சின் மேல் செல்லோடேப் ஒட்டினேன்.

"ஏண்டா, தொடாம அவளை எப்படிடா கூப்புடறது?"

"நேர்ல போய்க் கூப்பிடு."

"என்ற முட்டி இருக்கற லட்சணத்துக்கு மணிக்கு நாலு வாட்டி நான் நடக்கோணுமா?" என்று அம்மா டேப்பை நகத்தால் உரித்து எறிந்தாள். மறுநாள் மறுபடி பல்பு மறந்துபோனது.

நான் தோற்கப் பிறந்தவன் இல்லையே. தேடிப் படித்தேன். ஸ்மார்ட் பல்பு இருக்கும் வீட்டில் சுவரிலும் ஸ்மார்ட் சுவிட்ச்தான் இருக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் பல்புக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், சுவிட்சை யார் எத்தனை தரம் தட்டினாலும் பல்புக்கு வெறும் தகவல்தான் போகும். அதாவது, சுவிட்ச் இனிமேல் விளக்கை அணைக்காது. அணைக்கும்படி மனுப் போடும். வாங்கினேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் சமையலறைப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த அப்பா காலத்து மூன்று வயரையும் பார்த்துவிட்டு, "சார், இது அருமையான டூ-வே. இதை அறுத்தா மறுபடி இழுக்கக் கஷ்டம். இருக்கட்டுமே?" என்று கன்னடத்தில் சொன்னார். மூன்றாம் மனிதருக்குத் தெரிந்தது. அறுங்கள் என்றேன்.

அக்கா தன் மெஷினில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். மெயினை அணைத்திருந்ததால் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் அவள் அறைக்கு வந்து அங்கிருந்த பழைய சுவிட்சையும் கழற்றித் தரையில் வைத்தபோது அவள் அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, நூல்கண்டு டப்பாவில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கையால் கேட்டேன். அவள் டப்பாவை மூடினாள்.

புதுச் சுவிட்ச் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. தொட்டால் போதும். ஆனால் தொட்டதற்கும் எரிவதற்கும் நடுவில் ஒரு நொடி இடைவெளி. எரியும்போதும் அணையும்போதும் கண்ணுக்கு இதமாக மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அம்மா இரண்டு தரம் தட்டினால் அக்காவின் அறையில் வெளிச்சம் கொஞ்சம் மங்கி, அப்படியே திரும்பி வரும். மேகம் போனால் ஜன்னலில் அப்படித்தான் தெரியும். தைத்துக்கொண்டிருப்பவள் அதற்கெல்லாம் தலை தூக்குவாளா? போதாததற்கு, இரண்டு தரம் சேர்த்துத் தட்டினால் சினிமா பார்க்கிற மாதிரி ஹால் விளக்குகள் மங்க வேண்டும் என்று நானே வேறு அமைத்து வைத்திருந்தேன். அம்மா மகளைச் சாப்பிடக் கூப்பிட்டால் பட்டப்பகலில் ஹால் தியேட்டர் ஆனது. வைஃபை போன நாட்களில் அதுவும் இல்லை.

"அக்காகிட்டதான் போன் இருக்கே, வாட்ஸ்அப்ல கூப்பிடு" என்றேன். அம்மாவுக்கு டைப் செய்யத் தெரியாது. தெரிந்தாலும் பயன் இருந்திருக்காது. அக்காவின் போன் அதிர்ந்தால்தான் அவளுக்குத் தெரியும். அது இருப்பதோ தையல் மேசையின் மேல். மோட்டார் ஓடினால் மேசையே அதிர்ந்துகொண்டிருக்கும். இதை எனக்கு அக்கா விளக்கினாள். என் உள்ளங்கையைப் பிடித்து இழுத்து, மேசையின் மேல் வைத்து, மெஷினை ஓட்டிக் காட்டினாள். புரிகிறதா என்று முகத்தால் கேட்டாள். பழகிவிடும் என்று கைகாட்டிவிட்டு நான் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஒரு வார்த்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மங்கலை நிறுத்த முடியும். போனில் நாலைந்து பக்கம் உள்ளே போனால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. சட்டென்று எரி, சட்டென்று அணை என்று மாற்றலாம். இரண்டாம் வாரமே அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடிவிட்டேன். ஹாலில் யார் உட்கார்ந்திருந்தாலும் வெண்டிலேட்டரில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா நடக்கத் தொடங்கினாள். சமையலறைக்கும் பின்னறைக்கும் இருபது எட்டு இருக்கும். அவள் முட்டிக்கு அது மலை. அக்காவின் மெஷின் ஜன்னல் வெளிச்சத்துக்காகச் சுவரைப் பார்த்துப் போட்டது, முதுகு கதவுப் பக்கம். அம்மா போய் முதுகில் தட்டுவாள். காது கேட்காதவளைப் பின்னாலிருந்து தொட்டால் எப்படித் தூக்கிப்போடும் என்று எனக்குத் தெரியும்; சின்ன வயதில் அப்படி விளையாடி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான்.

ஒரு நாள் அம்மா தட்டினாள். அக்கா துள்ளினாள், கால் மோட்டாரை அமுக்கியது, ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தின் மேல் இறங்கி உள்ளேயே ஒடிந்தது. நான் வருவதற்குள் மனைவி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கட்டுப்போட்டு வந்திருந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்றைக்கும் சோபாவில் உட்காருகிறவள் அல்ல.

"அவ என்ன எருமையாடா, முதுகுல தட்டிக் கூப்புட? உங்கப்பன் எனக்குன்னு வெச்சுட்டுப் போனான் ஒரு சுவிட்ச். அவளைக் கூப்புட எனக்கிருந்தது அந்த ஒரு வாய்தான். அதையும் தெச்சுப்போட்டயேடா."

"தெரியாம நடந்ததுக்கு நான் என்ன பண்றது?" என்றேன். அதுவும் பொய்தான்.

விரல் ஆற ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் ரவிக்கை கொண்டு வந்தவர்கள் பெல்லடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அம்மா எழுந்து வாசலுக்குப் போய், பிறகு பின்னறைக்குப் போய், அவள் வெளியே வருவதற்குள் வந்தவள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள். அக்கா மெஷினைத் திருப்பிக் கதவைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் முதுகுக்குப் போனது, தைக்கிற இடத்தில் அவள் நிழலே விழுந்தது. அறைக்குள்ளேயே இருந்தாள். சாப்பாட்டு நேரத்துக்குத் தானாக வந்து, தட்டு வைத்திருந்தால் சாப்பிடுவாள், இல்லாவிட்டால் திரும்பிப் போவாள். யாரையும் எதுவும் கேட்பதில்லை. கெஸ்ட் ரூம் என்று நான் போட்ட பெயர் பலித்துவிட்டது.

அவளோடு படித்த இரண்டு பேர் ஹெப்பாளில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கும் காது கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மணிக்கணக்காகக் கையால் பேசினார்கள். மறுவாரம் அக்கா ஒரு தாளில் கன்னடத்தில் எழுதி என் மனைவியிடம் கொடுத்தாள். இரண்டே வரி. வேலை கிடைத்திருக்கிறது, அவர்களோடு தங்கப் போகிறேன். அம்மாவுக்கு முட்டித் தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

சரக்கு ஆட்டோ வந்தது. மெஷினைத் தூக்க நான் கை கொடுத்தேன். இருந்துவிடேன் என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை, மெஷினில் இருந்தது கை. அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், முன்னாலிருந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அதன் பிறகு எங்கள் வீட்டு விளக்குகள் அற்புதமாக வேலை செய்தன. சாயங்காலம் ஆறரைக்குத் தானாக ஏறும், பத்தரைக்குத் தானாக இறங்கும். எந்தப் பல்பும் யாரையும் மறக்கவில்லை. விருந்தாளிகள் பாராட்டினார்கள். அம்மா சமையலறையில் அந்தக் கண்ணாடிச் சுவிட்சுக்கு முதுகைக் காட்டி நின்று சமைத்தாள். என்னோடு பேசினாள், உப்பு வேண்டுமா, சோறு போடவா, அவ்வளவு.

எங்கள் கம்பெனி பஸ் தினமும் அக்கா இருக்கும் சந்தின் முனையைத் தாண்டித்தான் போகிறது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடம், மாடியில் தகரக் கூரை போட்ட அறை. பஸ் திரும்பும்போது நான் போனை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்துகொள்வேன். நாலு மாதம் குனிந்தேன்.

பிறகு ஒரு நாள் தாங்க முடியாமல் அதே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அது பெரிய உபகாரம். சுவரைக் கொஞ்சம் உடைத்து வயர் இழுத்து மறுபடி டூ-வே போட்டார். சாதாரணச் சுவிட்ச், சாதாரணப் பல்பு. அம்மா வந்து இரண்டு தரம் தட்டினாள். வெண்டிலேட்டரில் வெளிச்சம் சட் சட்டென்று போய் வந்தது. "கண் கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சோறு வடித்ததும் இரண்டு தரம் தட்டுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹெப்பாளுக்குப் போனேன். பல்பு, சுவிட்ச் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன் என்று அவளுக்குக் காட்ட வேண்டும். என் பேச்சை அவள் நம்ப மாட்டாள். அதனால் கழற்றிய இரண்டு ஸ்மார்ட் சுவிட்சையும், வயர்த்துண்டு தொங்கத் தொங்க, ஒரு கையில் பிடித்திருந்தேன். மற்றக் கையில் பல்புகள் போட்ட பை. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். தசரா ராத்திரி விளக்கு போய் வந்தது வோல்டேஜால் இல்லை, அம்மா உன்னைத்தான் கூப்பிட்டாள், எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது அந்த வெட்கத்தை நினைத்து வெட்கமாக இருக்கிறது. இவ்வளவையும் கையால் சொல்லத் தெரியும் எனக்கு. உலகத்தில் என் கை பேசுவது நன்றாகப் புரிகிற ஆள் அவள் ஒருத்தி.

மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. வாசலில் கால்பந்து மைதானத்துக்குப் போட வேண்டிய மாதிரி ஒரு பெரிய கருப்புச் சுவிட்ச். முழங்கையால் அமுக்கினேன். உள்ளே உத்திரத்தில் தொங்கிய வெறும் பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. சட்டென்று எரிந்தது, சட்டென்று அணைந்தது. ஒரு பெண் வந்து நின்றாள், நான் முன்பு பார்த்த தோழிகளில் இல்லை, புதியவள். என் பேன்ட், சட்டை, கையில் தொங்கிய சுவிட்சுகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, சுவரில் இருந்த சுவிட்சை இரண்டு தரம் தட்டினாள்.

அக்கா ஜன்னல் வெளிச்சத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி, மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கினாள். நிதானமாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நன்றாக இருந்தாள். வாயில் கடித்திருந்த நூலை எடுத்தாள். அவள் கண் என் முகத்திலிருந்து இறங்கி அந்தச் சுவிட்சுகளில் நின்றது, மறுபடி முகத்துக்கு வந்தது. நான் பையைக் கீழே வைக்கக் குனிந்தேன்.

அந்தப் பெண், யார் இது என்று கையால் கேட்டாள்.

தம்பிக்குச் சைகை உண்டு. பள்ளியில் கற்றது ஒன்று, நாங்கள் வைத்துக்கொண்டது ஒன்று, இரண்டும் எனக்குத் தெரியும். அக்கா கையைத் தூக்கினாள். தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு முஷ்டியை மேலே தூக்கி ஒரு குத்து. அவள் சிரிக்கவில்லை. மெஷின் பக்கம் திரும்பித் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். மோட்டார் ஓடத் தொடங்கியது.

அந்தப் பெண்ணுக்கும் அதற்குள் அவள் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். புரிந்தது என்று தலையாட்டினாள். சுவிட்சைத் தட்டி, உத்திரத்தில் தொங்கிய பல்பை ஏற்றிக் காட்டினாள், அணைத்துக் காட்டினாள், மறுபடி ஏற்றிக் காட்டினாள். இங்கே பழுது ஒன்றும் இல்லை, நீங்கள் போகலாம் என்று மரியாதையாகக் கைகாட்டினாள்.